எழுபது பேரின் பிணை



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கம்பர், வள்ளுவர், வள்ளலார் என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை விட்டு, கொலையுண்ட இளம் பிள்ளைகளுக்காக ஓர் ஊர் எப்படித் துக்கம் காக்கிறது என்பதைப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் தயங்கினார்கள். பக்கத்திலேயே வடபழனி முருகன் கோயில், மாலை வேளை, குடும்பம் குடும்பமாக வருவார்கள், இது எதற்கு என்றார்கள். கேட்டதில் தப்பில்லை. இருந்தாலும் அந்தத் துக்கம் இந்த வட்டாரத்துக்கு வெளியே எங்கோ நடந்த சமாசாரம் இல்லை என்பதால் பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

2018 மார்ச் 9, வெள்ளிக்கிழமை. மகளிர் தினத்துக்கு மறுநாள். இங்கிருந்து ஆற்காடு சாலையைக் கடந்து தெற்கே போனால் கே.கே.நகர். அங்கே கல்லூரி முடிந்து வெளியே வந்த அஸ்வினி என்ற முதலாண்டு மாணவி பட்டப்பகலில், நடுத்தெருவில் கொல்லப்பட்டார். கொன்றவர், அஸ்வினியின் குடும்பம் குடியிருந்த மதுரவாயலிலேயே இருந்தவர். விடாமல் பின்தொடர்ந்து தொந்தரவு கொடுத்தவர். அதைப் பற்றிக் காவல் நிலையத்தில் முன்பே புகாரும் கொடுத்திருந்தார்கள். சம்பவம் நடந்ததும் தெருவில் நின்றவர்கள் ஓடிப்போய்க் கொன்றவரைப் பிடித்தார்கள், அடித்தார்கள், காவலர்களிடம் ஒப்படைத்தார்கள். கொலைக்குப் பிறகு தெரு சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. கொலைக்கு முன்பு அந்தப் பெண்ணுக்கும் அவர் வீட்டாருக்கும் யார் துணை நின்றார்கள்? இந்தக் கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு பழைய கதையும் இரண்டு சட்டங்களும் பதில் வைத்திருக்கின்றன. அவற்றுக்கு வருமுன் கொஞ்சம் சுற்றிவர அனுமதியுங்கள்.

சென்னைக்காரர்களுக்குத் துக்கம் காக்கத் தெரியாது என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஒரு சாவு விழுந்தால் அரை மணி நேரத்தில் தெருவில் ஷாமியானா ஏறுகிறது, பிளாஸ்டிக் நாற்காலி இறங்குகிறது, ஐஸ் பெட்டி வருகிறது. விடிவதற்குள் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர். நடுவில் இறந்தவர் படம், கீழே வருந்துவோரின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் வரிசையாக. ஊர்வலத்துக்கு முன்னால் பறை, வழியெல்லாம் பூ. வடசென்னையில் மரண கானா என்று தனியாக ஒரு கலையே வளர்ந்திருக்கிறது; இரவெல்லாம் உட்கார்ந்து, இறந்தவன் பெயரை வைத்து, அவன் தெருவை வைத்து, அவன் சேக்காளிகளை வைத்துப் பாடுகிறார்கள். பெண்களின் ஒப்பாரியில் அழுகையோடு வழக்கும் இருக்கும். கூடப் பிறந்தவன் கைவிட்டது, மாமியார் வீட்டில் பட்டது, ஊர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது எல்லாம் அங்கே ராகத்தோடு வெளியே வரும். வேறெந்த இடத்திலும் சொல்ல முடியாததைப் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லிவிடலாம், யாரும் வாயை மூடு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இதெல்லாம் வீட்டுத் துக்கம், தெருத் துக்கம். முன்பின் தெரியாத ஒரு பெண் ரயில் நிலையத்திலோ கல்லூரி வாசலிலோ கொல்லப்பட்டு, மொத்த ஊரும் தன்னை உறவென்று எண்ணிக் கலங்கும்போது என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் முறை ஒன்றும் இல்லை. மெழுகுவத்தி ஏற்றுகிறோம். அது நேற்று வந்த பழக்கம். அதைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

தெற்கே முறை இருக்கிறது. திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் இருக்கும் சிறுதெய்வங்களில் பல, கொலையுண்ட மனிதர்கள். கொலையில் உதித்த தெய்வங்கள் என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் சொல்வது இவர்களைத்தான். குமரி மாவட்ட வில்லுப்பாட்டில் ‘வெட்டுப்பட்ட வாதை’ என்று சொல்வார்கள். ஆண்டுக்கொரு கொடை நடக்கும். வில்லை வீசுகோலால் அடித்து, குடமும் உடுக்கையும் சேர, புலவர் அந்த மனிதனின் கதையைப் பிறப்பிலிருந்து பாடிக்கொண்டு வருவார். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூல் முழுக்க இந்தப் பாட்டைப் பற்றியதுதான். சாமியாடிக்கு அருள் வருவது பெரும்பாலும் கதாநாயகன் சாகும் இடத்தில் என்பதை அவர் கவனித்து எழுதினார். ஊரே தெரிந்து வைத்திருக்கும் கதை, முடிவும் தெரியும். ஆனாலும் வெட்டு விழும் இடம் வரும்போது கூட்டம் தாங்காது. செத்தவன் திரும்பி வந்து ஊரின் நடுவில் நின்று கேட்கிறான், ஊர் பதில் சொல்லியாக வேண்டும். அவனுக்குச் சேரவேண்டியது என்று ஒன்று உண்டு, அதை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் விட மாட்டான். பக்தி அதில் ஒரு பங்கு. மீதி பயமும் குற்ற உணர்வும். வேறு சாதிப் பெண்ணோடு வாழ்ந்ததற்காகச் சொந்த வீட்டாரே கொன்றுபோட்ட சின்ன நாடான் கதையை இன்றும் பாடுகிறார்கள். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில், சாதி கடந்து மணந்த சங்கரைக் கொன்றபோது அது புதிதாக நடந்த ஒன்றைப்போல எல்லோரும் அதிர்ந்தோம். வில்லுப்பாட்டுக்காரருக்கு அது தெரிந்த கதை.

இந்தத் தெய்வங்களை அப்படியே தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் துக்கம் காக்கும்போதே கதையைத் திருத்தவும் செய்யும். முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். பிராமண இளைஞன் ஒருவன் வாலப்பகடையின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பி, பூணூலை அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்று, அவர்களைக் கட்டிக்கொள்கிறான். மாமனாரின் மாடுகளை ஓட்டிப்போக வந்த கள்வர்களோடு சண்டையிட்டுச் சாகிறான்; மனைவிகள் இருவரும் அவன் சிதையில் ஏறுகிறார்கள். இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: பிற்காலத்தில் யாரோ கதைக்குள் கைவைத்து, அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று சேர்த்துவிட்டார்கள். கதை கேட்பவர்களுக்கு நிம்மதி. சாதி கலக்கவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது! காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், முத்துப்பட்டன் தெய்வமாகி நிற்கும் பட்டவராயன் சந்நிதியில் இன்றைக்கும் காணிக்கையாகத் தோல் செருப்பு கட்டுகிறார்கள். ஆடி அமாவாசைக்குப் போனால் கட்டுக்கட்டாகத் தொங்குவதைப் பார்க்கலாம். பாட்டைத் திருத்தியவர்களால் அந்தச் செருப்பைக் கழற்ற முடியவில்லை என்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம்.

இனி நம் பக்கத்துக் கதை. சென்னை சென்ட்ரலில் அரக்கோணம் மின்ரயில் ஏறினால் திருவாலங்காடு வரும். நடராசர் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய தலம், காரைக்கால் அம்மையார் கடைசியாக இருந்த இடம். அதன் பக்கத்து ஊர் பழையனூர். நீலி கதை நடந்த ஊர். ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே அதன் சுவடு இருப்பதாக உரைகாரர்கள் காட்டுகிறார்கள். கணவன் கையால் கொலையுண்ட ஒரு பெண்ணின் ஆவி, மறுபிறப்பில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் துரத்திக்கொண்டு வருகிறது. அவன் பழையனூருக்கு ஓடிவந்து, இவள் பேய், என்னைக் கொல்ல வருகிறாள் என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறான். பின்னாலேயே அவள் இடுப்பில் குழந்தையோடு வந்து நிற்கிறாள். குழந்தை கள்ளிக் கொம்பு. அதைக் கீழே இறக்கி விட்டதும் அது ‘அப்பா’ என்று அவனிடம் ஓடுகிறது. அதற்கு மேல் சபைக்கு என்ன சாட்சி வேண்டும்? புருஷன் பெண்டாட்டி சண்டை, உள்ளே போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அவன் இடுப்பில் ஒரு வாள். அதை வைத்துக்கொண்டு உள்ளே வந்தால் என்னைக் கொன்றுவிடுவார் என்று அவள் அழ, வாளையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கடைசியாக அவன் கலங்கி நின்றபோது சபையிலிருந்த எழுபது வேளாளர்களும் சொல்கிறார்கள்: உன் உயிருக்கு நாங்கள் பிணை, உனக்கு ஒன்று ஆனால் எங்கள் எழுபது பேர் உயிரையும் கொடுக்கிறோம். காலையில் கதவைத் திறந்தால் அவன் செத்துக் கிடக்கிறான். எழுபது பேரும் தீ மூட்டி அதில் இறங்கினார்கள். அங்கே தீப்பாய்ந்த மண்டபம் என்று ஒன்றிருக்கிறது. அவர்களின் உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சாட்சி பூதேஸ்வரர் என்று சிவனுக்கும் ஒரு கோயில் உண்டு, சொன்ன சொல்லுக்குச் சாட்சியாக நின்றதால்.

இந்தக் கதையைச் சேக்கிழார் காலம் தொட்டு வேளாளர் பெருமையாகவே சொல்லி வந்திருக்கிறார்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றிய குலம் என்று. எனக்கு அதில் இரண்டு குறை உண்டு. ஒன்று, நெருப்பில் விழுவது பொறுப்பேற்பது ஆகாது. செத்தவன் செத்தவன்தான், கூட எழுபது பிணம். ஏன் அவன் சொன்னதை நம்பவில்லை, ஏன் வாளைப் பிடுங்கினோம், ஏன் அந்த இரவு வாசலில் ஒருத்தராவது காவல் படுக்கவில்லை என்ற விசாரணையை அந்தத் தீ எரித்துவிட்டது. இரண்டாவது பெரிய குறை. முதலில் செத்தவள் அவள். அவள் கொலையுண்டபோது பிணை நிற்க எழுபது பேர் வேண்டாம், ஏழு பேர்கூட வரவில்லை. அதனால்தானே அவள் பேயாக வந்தாள்? தொண்டை மண்டலத்துக்காரர்களான நாம் அந்த எழுபது ஆண்களுக்கு மண்டபம் கட்டினோம். அதே கதை தெற்கே போனபோது, நகைக்காகக் காதலனால் கொல்லப்பட்ட தாசி குலப் பெண்ணின் கதையாகி, அவளையே இசக்கி என்று கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் முப்பந்தலில் சேலையும் வளையலும் மண் பிள்ளைகளும் அவளுக்குத்தான் போகின்றன. யாருடைய சாவுக்கு யார் துக்கப்படுவது என்பதில் நாட்டுக்கு நாடு கணக்கு வேறாகத்தான் இருந்திருக்கிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் அந்தச் சபை செய்த ஒன்றை என்னால் தள்ள முடியவில்லை. எங்களுக்கென்ன தெரியும், அவள் ஏமாற்றிவிட்டாள், விதி என்று அவர்கள் சொல்லவில்லை. வந்தவனை விசாரித்தது நாங்கள், உள்ளே அனுப்பியது நாங்கள், ஆகவே கடன் எங்களுடையது என்றார்கள். இந்த ஊரில் கடந்த முப்பது ஆண்டுகளில் நாம் காத்த துக்கங்களை அந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

1996 நவம்பர். தீபாவளிக்கு வீடு வரவேண்டிய பிள்ளை வரவில்லை. பொன். நாவரசு, சிதம்பரம் அண்ணாமலை நகர் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர். தந்தை பொன்னுசாமி சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பில் இருந்தவர். நவம்பர் 7ஆம் தேதி மந்தைவெளியில் 21ஜி பேருந்தில் யாரும் உரிமை கோராத ஒரு பெட்டி. பத்திரிகைகளில் படித்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. படிக்காத இளைஞர்களுக்கு நான் சொல்லவும் விரும்பவில்லை. விடுதியில் மூத்த மாணவர் ஒருவரின் ராகிங் கொலையில் முடிந்திருந்தது. கடலூர் அமர்வு நீதிமன்றம் 1998 மார்ச்சில் அந்த மாணவருக்குத் தண்டனை கொடுத்தது; 2001 அக்டோபரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது; 2011 ஏப்ரல் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடி தண்டனையை உறுதி செய்தது. ஊர் துக்கத்தை ஒரு வருஷத்தில் ஆற்றிக்கொண்டது. அந்த வீடு பதினான்கரை ஆண்டுகள் வாய்தா வாய்தாவாகக் காத்தது.

1998 ஜூலை. எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா. ஆட்டோவில் வந்த இளைஞர்கள் சிலர் தெருவில் செய்த சேட்டையில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு, சில நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். அதுவரை ‘பசங்க கலாட்டா’ என்று சொல்லி ஒதுக்கியது அன்றைக்குக் கொலையாகத் தெரிந்தது. மாணவிகள் தெருவுக்கு வந்தார்கள்.

இந்த இரண்டு துக்கங்களும் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தன. 1997இல் ராகிங் தடைச் சட்டம். 1998இல் ஈவ்-டீசிங் தடைச் சட்டம். பிறகு பெயர் மாறி, பத்திரிகைச் செய்திகளில் பெண் வன்கொடுமைத் தடைச் சட்டம் என்று நாம் தினமும் படிப்பது அதுதான். அதன் நான்காம் பிரிவு காவல் நிலையங்களில் அன்றாடம் புழங்குகிறது. எல்லோருக்கும் தெரிந்தது தண்டனை பற்றிய அந்தப் பகுதி மட்டும்தான். 2025 ஜனவரியில் சட்டமன்றம் தண்டனையைக் கூட்டியபோதும் விவாதமெல்லாம் அதைச் சுற்றியே நடந்தது.

சட்டங்களை முழுக்கப் படித்தால் வேறொன்று கிடைக்கிறது. ராகிங் சட்டத்தில், புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காமல் இருக்கும் கல்லூரித் தலைவர் அந்தக் குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுவார். 1998 சட்டமோ ஒரு பட்டியல் போடுகிறது: கல்வி நிலையம், கோயில், பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், சினிமா தியேட்டர், பூங்கா, கடற்கரை, திருவிழா நடக்கும் இடம். இப்படிப்பட்ட இடங்களுக்குப் பொறுப்பாளராக இருப்பவர், தன் எல்லைக்குள் இந்தத் தொல்லை நடக்காமல் பார்த்துக்கொள்ளவும் நடந்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டவர். பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரே பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டதில் எழுந்த வழக்கில், 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரியான கட்டளைகளை நாடு முழுமைக்கும் பிறப்பித்தது.

பழையனூர்ச் சபை வாயால் கொடுத்த பிணையை இந்தச் சட்டம் எழுத்தில் கொடுத்திருக்கிறது. நெருப்பில் விழச் சொல்லவில்லை. வண்டியைக் காவல் நிலையத்துக்குத் திருப்பு என்கிறது. இரண்டு பிள்ளைகளின் சாவுக்கு இந்த ஊர் கொடுத்த மரியாதையில் உருப்படியானது இதுதான் என்பது என் கணிப்பு. அப்புறம் அதை மறந்தும்போனோம். எந்தப் பேருந்திலாவது இந்த விதியை ஒட்டி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சில்லறை கொடுத்து உதவவும் என்று இருக்கும். படியில் பயணம் நொடியில் மரணம் என்று இருக்கும்.

2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலையம். சூளைமேட்டிலிருந்து மகேந்திரா சிட்டிக்கு வேலைக்குப் போகக் கிளம்பிய சுவாதிக்கு வயது 24. நடைமேடையில் வெட்டுப்பட்டு விழுந்தவர் உடல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மூடப்படாமல் கிடந்தது. ரயில்கள் வந்தன, நின்றன, போயின. செத்தவருக்கும் கண்ணியம் உண்டே என்று உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கேட்டது. நிலையத்தில் கேமரா இல்லை. ரயில்வே காவல்துறையிடமிருந்து சென்னை மாநகரக் காவல்துறைக்கு வழக்கு மாறியது. அந்த ஒரு வாரத்தில் இந்த ஊர் துக்கம் காத்த விதம் இருக்கிறதே, முத்துப்பட்டன் பாட்டைத் திருத்தியவர்கள் நம்மிடம் பாடம் கற்க வேண்டும். கொன்றது இன்ன மதத்துக்காரன் என்று ஒரு பெயரைக் கட்டிவிட்டார்கள், பொய். செத்தவர் இன்ன சாதி என்பதால்தான் அழுகிறீர்கள் என்று ஒரு கட்சி, அந்தச் சாதி என்பதால்தான் அழாமல் இருக்கிறீர்கள் என்று இன்னொரு கட்சி. அந்தப் பெண்ணுக்கு யாரோடு பழக்கம் என்று ஒரு விசாரணை, நடத்தியவர்களுக்கு அதில் என்ன அதிகாரம் என்றே தெரியாமல். ஜூலை 1ஆம் தேதி செங்கோட்டைப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் ஓர் இளைஞர் கைதானார். செப்டம்பர் 18ஆம் தேதி, விசாரணை தொடங்கும் முன்பே, புழல் சிறையில் அவரும் இறந்தார். மின்கம்பியைக் கடித்துத் தற்கொலை என்றது அரசுத் தரப்பு, குடும்பம் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு அத்தோடு முடிந்தது. குற்றம் நிரூபிக்கப்படாமல் செத்த அந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருக்கிறார். வில்லுப்பாட்டில் இப்படி நடந்திருந்தால் இரண்டு பேருக்கும் படையல் போட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு கேமராக்கள் வந்தன. ‘மூன்றாவது கண்’ என்று பெயர் வைத்து மாநகரக் காவல்துறை தெருத்தெருவாக மாட்டச் சொன்னது. நம் அடுக்குமாடிச் சங்கங்களும் கைக்காசைப் போட்டு மாட்டின. வேண்டியதுதான். ஆனால் கேமரா சாட்சி பூதேஸ்வரர் மாதிரி, நடந்ததைச் சொல்லும். பிணை நிற்பது வேறு வேலை.

2022 அக்டோபர் 13, பரங்கிமலை ரயில் நிலையம். தியாகராய நகர்க் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டிருந்த 20 வயது சத்யாவை, பின்தொடர்ந்துகொண்டிருந்த இளைஞர் ஓடும் ரயில் முன் தள்ளிவிட்டார். சத்யா வளர்ந்தது காவலர் குடியிருப்பில். தாய் தலைமைக் காவலர். அப்படியும் முன்பே கொடுத்த புகாரால் பயன் இல்லை. மகள் போன துக்கம் தாங்காமல் தந்தையும் அடுத்த நாளுக்குள் உயிரை விட்டார். 2024 டிசம்பர் 30ஆம் தேதி சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. பலர் இனிப்பு வழங்காத குறையாக மகிழ்ந்தார்கள். என்னால் மகிழ முடியவில்லை. தூக்கு என்ற ஒரு சொல்லில் ஊரின் கணக்கெல்லாம் தீர்ந்துபோகிறது பாருங்கள், அதுதான் உறுத்தல். காவல் நிலையத்தில் அந்தப் புகாரை வாங்கிய மேசையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

அந்த மேசையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். இந்த அவையில் மகளோடு காவல் நிலையம் போன பெற்றோர் இருக்கக்கூடும். முதலில் உட்காரச் சொல்வார்கள். பையன் யார், எவ்வளவு நாள் பழக்கம், முதலில் நீங்களும் பேசினீர்களாமே என்று விசாரிப்பார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் கோர்ட்டு, கேஸ் என்று அலைய வேண்டிவரும், பெண் பெயர் கெடும், கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளை என்பார்கள். இதைச் சொல்கிறவர் நல்லெண்ணத்தில்தான் சொல்வார், அதுதான் கொடுமை. புகார் பெற்றுக்கொண்டதாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். பையனைக் கூப்பிட்டு மிரட்டி, இனிமேல் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பழையனூர்ச் சபை சொன்னதும் இதுவேதான். ஒரு வித்தியாசம்: எழுதிக் கொடுத்தவன் நாளைக்கு மீறினால் எழுதி வாங்கியவர் என்ன ஆவார் என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை.

பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே தீரவேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. பெண்ணைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்வது, தில்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் 2013 முதல் தனிக் குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு. அந்த மத்தியச் சட்டத்தின்படி முதல் முறை என்றால் மூன்றாண்டு வரை சிறை, ஆனால் ஜாமீனில் விடத்தக்கது. ஆகவே வழக்குப் பதிவானாலும் சாயங்காலம் அவன் தெருவில் நிற்பான், பெண்ணின் வீட்டாரைவிடக் கோபமாக. ஆயிரம்விளக்கில் 1992இல் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தபோது நிலைமை மாறும் என்று நம்பினோம். ஓரளவு மாறவும் செய்தது. வாசல் ஏறும் தைரியம் வந்தது. வாசல் இறங்கி வீடு திரும்பும் வழிக்குத்தான் துணை இல்லை.

வடபழனியில் நின்றுகொண்டு சினிமாவைப் பேசாமல் போனால் நாளைக்கு என்னை இந்தத் தெருவில் நடக்க விடமாட்டீர்கள். திரைத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியின் அலுவலகம் இங்கே, சங்கக் கட்டடங்கள் இங்கே, டப்பிங் கூடங்கள் இங்கே. இந்த அவையில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தத் தொழிலில்தான். வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைப் பேருந்து நிறுத்தம் வரை, கல்லூரி வரை, கோயில் பிராகாரம் வரை துரத்திக்கொண்டே போனால் இடைவேளைக்குப் பிறகு அவள் சிரித்துவிடுவாள் என்பதை நாற்பது ஆண்டுகளாக இந்தத் தெருக்களிலிருந்துதான் மாநிலத்துக்கு அனுப்பி வைத்தோம். நுங்கம்பாக்கத்துக்குப் பிறகு அந்த விவாதம் பலமாக எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ‘ரெமோ’ படத்தின் மீதும் அந்தக் கோபம் விழுந்தது. சினிமா பார்த்துத்தான் கொலை செய்கிறான் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கொலைகாரனை அது உண்டாக்குவதைவிட, அக்கம்பக்கத்தாரை அது கெடுக்கிறது. தெருமுனையில் ஒருவன் தினமும் நின்றால், லவ் மேட்டர் என்று சிரித்துவிட்டுப் போகிறோமே, அந்தச் சிரிப்பு இங்கே தயாரானது. ஒரு துணை இயக்குநர் என்னிடம் சொன்னார், கதாநாயகி புகார் கொடுக்கிற காட்சியை எழுதினால் அதைக் காமெடி டிராக்கில் சேர்க்கச் சொல்கிறார்களாம்.

நேரம் ஆகிவிட்டது, அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் ஒரு காரியத்தோடுதான் வந்தேன். 1998 சட்டத்தின் பட்டியலை எடுத்துக்கொண்டு நம் வடபழனியில் நடந்து பாருங்கள். கோயிலுக்குச் செயல் அலுவலர் இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் கூட்டம் நெரிகிறது. பேருந்துப் பணிமனைக்குக் கிளை மேலாளர் இருக்கிறார். மெட்ரோ நிலையத்துக்குப் பொறுப்பாளர் இருக்கிறார். வணிக வளாகத்துக்கும் தியேட்டருக்கும் மேலாளர், கல்லூரிகளுக்கு முதல்வர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் தயாராக இருக்கிறது. உங்கள் இடத்தில் ஒரு பெண் புகார் சொன்னால் அதை வாங்கிக்கொள்பவர் யார், அவர் பெயரையும் எண்ணையும் வாசலில் எழுதி வையுங்கள் என்று கேட்கிறது. பணிமனைக்குப் போகும் கடிதத்தில், வண்டியைக் காவல் நிலையத்துக்கு ஓட்ட வேண்டும் என்பதை நடத்துநர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்களா, அப்படி ஓட்டிப் போனால் டிரிப் கட் ஆனதற்கு அவர்களிடம் விளக்கம் கேட்கமாட்டீர்களே என்று கூடுதலாக ஒரு கேள்வி. நடத்துநர் நண்பர் ஒருவர் சொல்லித்தான் அதைச் சேர்த்தேன்.

கடிதங்கள் வெளியே மேசையில் இருக்கின்றன. கையெழுத்துப் போடுபவர்கள் பக்கத்துத் தாளையும் பாருங்கள். புகார் கொடுக்கப் போகும் வீட்டாரோடு காவல் நிலையத்துக்கு வந்து, எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வரும் வரை உட்கார முடிகிறவர்களுக்கான பட்டியல் அது. பெயர், தெரு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு மேல் என்று எழுதினால் போதும். வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற காவலர்களும் இருந்தால் அதையும் குறித்துவிடுங்கள். எழுபது வரிசைகள் கோடு போட்டு வைத்திருக்கிறேன்; முதல் இரண்டில் என் பெயரும் என் மனைவியின் பெயரும் இருக்கின்றன.